நாடாவில் இல்லாத வசனம்

நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள். கதை கட்டுவது என் தொழில் இல்லை. அடுத்தவள் வாய்க்குக் குரல் கொடுத்துப் பிழைத்தவள் நான். 1961 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. பாரிஸில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். பட்டப்பகலில் நடந்தது இது.

மகலோன் நடித்தது மூன்றே படங்கள். மூன்றிலும் அவள்தான் கதாநாயகி, மூன்றிலும் பேசியது நான். அவள் பிரான்ஸின் தெற்கே நார்போன் ஊர்க்காரி, தெற்கத்திப் பேச்சு. "முகம் இளவரசி, வாயைத் திறந்தா மீன்காரி" என்று தயாரிப்பாளர் எல்லார் எதிரிலும் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன்.

மூன்றாவது படத்தோடு அவளுக்கு வாய்ப்பு நின்றுபோனது. ஒருநாள் என்னைத் தேடி வந்தாள்.

"டெனிஸக்கா, இந்தப் படத்துல கடைசிக் காட்சி மட்டும் என் குரல்ல இருக்கட்டும். நீங்க வர மாட்டேன்னு சொல்லிடுங்க."

"நான் வரலேன்னா வேற ஒருத்தி வருவா."

"ஒரே ஒரு வரிதான், அக்கா..."

ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சரி என்று தலையாட்டினேன். ஆனால் கூடத்திலிருந்து கூப்பிட்டதும் போய்விட்டேன்.

பிற்பகல் 3.40. கண்ணாடி அறைக்குள் ஒலிப்பதிவாளர் ஃபெர்னான், வெளியே நான். வேறு யாரும் இல்லை. இங்கே டப்பிங் என்றால் திரைக்கு அடியில் ஒரு நாடா ஓடும். வசனத்தை அதில் கையால் எழுதியிருப்பார்கள். எழுத்து ஒரு கோட்டைத் தொட்டதும் பேச வேண்டும். அதனால் எங்கள் கண் நாடாவில்தான் இருக்கும். நடிப்பவள் முகத்தைப் பார்க்கவே மாட்டோம்.

கடற்கரைக் காட்சி. அவள் கேமராவை நோக்கி நடந்து வருகிறாள். வசனம் ஒன்றே ஒன்று: "போகிறேன்."

3.46. கிர்ர்ர்... நாடா ஓடியது. எழுத்தே இல்லை. வெறும் வெள்ளை... நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்ஃபோனில் மூச்சுச் சத்தம்... என்னுடையது இல்லை. நான் மூச்சை அடக்கியிருந்தேன்.

உதடு அசைந்தது.

"அம்மா... நான்தாம்மா பேசுறேன்."

தெற்கத்திப் பேச்சு.

விளக்கு எரிந்தது.

"என்னம்மா விளையாட்டு இது? அவள மாதிரியே பேசிக் காட்டுற?"

"நான் வாயே திறக்கல, ஃபெர்னான்."

பதிவைத் திருப்பிப் போட்டார். அந்தக் குரல் இருந்தது. படப்பிடிப்பில் பதிந்ததோ? வழியே இல்லை. காற்று அதிகம் என்று அந்தக் காட்சிக்கு மைக்கே வைக்கவில்லை.

தயாரிப்பாளர் வந்து பதிவைக் கேட்டார். "இந்த மீன்காரிய யாரு உள்ள விட்டது? அழிச்சிட்டு மறுபடி எடுங்க."

அழித்தோம். 4.20க்கு நாடா மறுபடி ஓடியது. இப்போது வசனம் இருந்தது. "போகிறேன்" என்றேன். ஒழுங்காகப் பதிந்தது.

புதன்கிழமை காலை அவள் அறைக் கதவை உடைத்தார்கள். மகலோன் ஞாயிற்றுக்கிழமையே உயிரை விட்டிருந்தாள்.

அவள் சாமான்களை எடுக்க அவளுடைய சொந்த அக்கா ஊரிலிருந்து வந்தாள். கூடத்துக்கும் வந்து ஃபெர்னானிடம் கேட்டாள்.

"அவ குரல் ஏதாவது இருக்குங்களா? ஒரு துண்டு போதும். எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது. முதல் ரெண்டு படத்துக்கும் கூட்டிட்டுப் போனேன். படம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறமும் எழுந்திருக்கல. 'என் பொண்ணு எப்ப வருவா'ன்னு கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தா."

ஃபெர்னான் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன் நான்.

அதுவரை அவள் என்னைக் கவனிக்கவில்லை. தியேட்டரில் இரண்டு முறை கேட்ட குரல்... மெல்லத் திரும்பினாள்.

"நீங்கதானா அது?"