பெட்டிக்காகச் சூடாக்கிய வீடு

எனக்கு மேல்மாடியில் இருக்கும் நோர்வேஜிய வீட்டுக்காரர், பனி கொட்டுகிற மாதங்களிலும் படுக்கையறை யன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் நித்திரை கொள்வார். குளிர்ந்த காற்று உடம்புக்கு நல்லதாம். ஒஸ்லோவின் புறநகரான பியோர்ண்டாலில் அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் நான், வீடுகளிலிருந்து வெப்பம் வெளியேறாமல் தடுப்பது எப்படி என்று ஆராய்ந்து சம்பளம் வாங்குகிறேன். காலையில் வேலைக்குப் போகும்போது அந்த யன்னலை நிமிர்ந்து பார்க்காமல் போகப் பழகிவிட்டேன்.

ஒஸ்லோவின் பழைய மரவீடுகள் பல இன்னும் பரஃபின் ஹீற்றர்களால்தான் சூடாகின்றன. பரஃபின் என்றால் நம்முடைய மண்ணெண்ணெய்தான். அதை எரிப்பதை நிறுத்தி, வெளிக்காற்றிலிருந்தே வெப்பத்தை இழுத்துத் தரும் வெப்பப்பம்பிகளுக்கு இந்த வீடுகளை மாற்ற வேண்டும். புதிய வீட்டில் அது இலகு. பழைய வீட்டின் தடைகளை வரிசையாகச் சொல்லலாம்: சுவருக்குள் மரத்தூள்தான் இருக்கும், அதுவும் காலப்போக்கில் கீழே இறங்கி மேற்பாதி வெறுமையாகியிருக்கும், பாதுகாக்கப்பட்ட தெரு என்பதால் வெளிப்பலகையில் கை வைக்க முடியாது, உட்புறம் தடிப்பாக மூடினால் மரம் ஈரம் பிடித்து உக்கும். எங்கள் குழு இப்படியான வீடுகளை அளந்து, மிக மோசமான சிலவற்றைத் தெரிந்தெடுத்து, திட்டச் செலவிலேயே திருத்திப் பார்க்க இருந்தது.

அளக்கப் போகும் வீடுகளில் முதலில் என் மூக்கில் ஏறுவது அந்த மண்ணெண்ணெய் மணம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் இல்லாத வருடங்களில், ஜாம் போத்தல் விளக்கில் படித்துத்தான் நான் பொறியியலுக்கு எடுபட்டேன். மண்ணெண்ணெய் அப்போது தடைசெய்யப்பட்ட பொருள். அம்மா திரியை அரிசி அளவுக்கு இறக்கி வைத்திருப்பார். யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும் உயர்த்துவார். வந்தவர் படலையைத் தாண்டியதும் திரும்பவும் இறக்குவார். வந்தவர்கள் எங்கள் வீட்டில் எண்ணெய்க்குக் குறைவில்லை என்று நினைத்துக்கொண்டு போவார்கள். இதைத் தெரிந்து வளர்ந்த எனக்கு, ஒஸ்லோவின் பழைய மரவீட்டுப் பகுதியான வோலெரெங்காவில் நடந்தது முன்பே விளங்கியிருக்க வேண்டும்.

வோலெரெங்காவில் அளக்க எடுத்த வீடுகளில் ஒன்று சிவம் அண்ணையுடையது. எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்கு வந்து, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி பஸ் ஓட்டுகிறவர். பவானி அக்கா அவருடைய மனைவி. துளசி இங்கே பிறந்த மகள். தைமாதக் குளிரில் அறைக்கு ஒன்றாக வெப்பம் பதியும் சிறிய பெட்டிகளை மாட்டினேன். "வழமையா இருக்கிறமாதிரி இருங்கோ, அவ்வளவும் போதும்" என்றேன்.

"ஓம் பிள்ளை, நாங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்றார் அண்ணை. அக்கா ஒரு சட்டி நிறையக் கறி கட்டித் தந்தார்.

பெட்டிகளைக் கழற்றிவந்து கணினியில் போட்டபோது எல்லா அறைகளிலும் இருபத்துமூன்று பாகை. எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்று அந்தச் சுற்றில் நாங்கள் கேட்கவில்லை. குழுத் தலைவர் ஹெல்கே திரையைப் பார்த்துச் சிரித்தார். "தமிழர்களுக்குச் சூடு பிடிக்கும், இல்லையா? இந்த வீட்டுக்கு நாம் தேவையில்லை." பட்டியலிலிருந்து அந்த வீடு போனது. இறுதித் தெரிவு மாத முடிவில்.

அந்த வாரக் கடைசியில் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெறுஞ்சட்டியாகக் கொடுக்கக் கூடாதென்று தோடம்பழங்கள் வைத்திருந்தேன். அளவெடுக்கப் போகும்போதெல்லாம் இந்த நாட்டு முறைப்படி முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் போவேன். சட்டி கொடுக்கவும் சொல்லிவிட்டா போவார்கள்? நேரே போய் மணியை அடித்தேன்.

மூவரும் குசினிக்குள் இருந்தார்கள். அண்ணை பனி ஜக்கெற்றுடன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். துளசி கம்பளித் தொப்பியுடன் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மற்ற அறைகளின் கதவுகள் பூட்டியிருந்தன. கதவடிகளில் துவாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"சொல்லாமல் வந்திட்டாய்" என்றார் அக்கா. என் கையிலிருந்த சட்டியைக்கூட வாங்கவில்லை.

"நான் அப்பவே சொன்னனான், அது யுக்ஸ் எண்டு" என்றாள் துளசி. யுக்ஸ் என்றால் கள்ளவேலை.

"நீ வாயை மூடு" என்ற அண்ணை என் பக்கம் திரும்பினார். "உன்ரை பெட்டி தொங்கேக்கை வீடு குளிர்ந்தால் உனக்கெல்லே மரியாதை இல்லை. எங்கடை பிள்ளை ஒண்டு அளக்குது, நல்ல மார்க்ஸ் வரட்டும் எண்டு எல்லா அறைக்கும் ஹீற்றர் போட்டனாங்கள்."

"அண்ணை, இந்தச் சோதினையிலை குறைய எடுத்தாத்தான் பாஸ்."

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் திட்டத்தை விளக்கி, பெட்டிகளைத் திரும்ப மாட்டலாமா என்று கேட்டேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு துளசிக்குக் கேட்காதபடி என்னைக் கதவடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "குளிர் வீட்டுக்கை பிள்ளையை வச்சிருக்கினம் எண்டு பார்னவேர்ன்காரர் வந்தால் ஆர் பதில் சொல்லுறது?" பிள்ளைகளின் நலனைப் பார்க்கும் அலுவலகத்தின் அந்தப் பெயரை நம் வீடுகளில் யாரும் உரத்துச் சொல்வதில்லை.

அறிக்கையில் பெயரோ முகவரியோ வராது, வீட்டுக்கு ஒரு இலக்கம் மட்டுமே என்றேன். அக்கா நம்பாமல் என்னையே பார்த்தார்.

"இலக்கத்துக்குக் குளிராது" என்றார் அண்ணை குசினிக்குள்ளிருந்து. "கொண்டுவந்து மாட்டு. இந்தமுறை மானங்கெட்டுப்போய் இருக்கிறம்."

ஹெல்கேயிடம் முதல் அளவு செல்லாது என்று சொன்னேன்.

"சாதாரணமாக இருக்கச் சொன்னீர்கள்தானே?"

"சொன்னேன்."

"பிறகேன் சூடாக்கினார்கள்?"

"நான் வருவதால்."

"நீங்கள் அங்கே தங்கவில்லையே?"

பெட்டிகளைத் திரும்ப மாட்டினேன். துளசியின் அறை பதினொரு பாகை காட்டியது. திரையில் வெப்பநிலையின் வரைகோட்டைப் பார்த்த ஹெல்கேயின் முகம் மலர்ந்தது. "அருமையான வீடு" என்றார். மாத முடிவில் அந்த வீடு தெரிவானது. அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஆக்கள் வேலைக்கு வாற நாளை முதலே சொல்லு, வீட்டைச் சூடாக்கி வைக்கவேணும்" என்றார்.

அந்த ஞாயிறு ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசித் தொடர்பு கிடைத்தது. போரால் தரைப்பாதை பூட்டி, யாழ்ப்பாணத்துக்குச் சாமான்கள் ஒழுங்காகப் போகாத காலம்.

"வீடு சூடாயிருக்கோ பிள்ளை?"

"ஓம் அம்மா, நல்ல சூடு. அங்கை சாமான் எல்லாம் கிடைக்குதோ?"

"இஞ்சை ஒண்டுக்கும் குறைவில்லை. நீ ஒண்டுக்கும் யோசியாதை."

தொலைபேசியை வைத்தேன். வேலைக்காகக் கொண்டுவந்திருந்த பெட்டி ஒன்று மேசையில் பதினைந்து பாகை காட்டிக்கொண்டிருந்தது. வெளியே போய் வந்த பிறகும் நான் ஜக்கெற்றைக் கழற்றவேயில்லை. அம்மாவுக்குத் தெரிந்தவரை நான் குளிரே இல்லாத வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை அம்மா தட்டுப்பாடே இல்லாத ஊரில் இருக்கிறார். நாங்கள் இருவரும் இல்லாத அந்த வீட்டிலும் ஊரிலும்தான் சந்தித்துக்கொள்கிறோம். மேலே வீட்டுக்காரர் படுக்கப்போகும் முன் யன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.