சாப்பாடு இல்லை, டிபன்தான்

பசங்களா, போன வாரம் செங்கல்பட்டு டாக்டர் மறுபடியும் கையை விரித்துவிட்டார்.

என் மனைவி சரசாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. பாத்ரூம் போகவே சுவரைப் பிடிக்கிறாள். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம். ஆனால் எடை குறைந்தால்தான் கத்தியைத் தொடுவாராம்.

எடை குறைய நடக்கணும். நடக்க முட்டி சரியாகணும். முட்டி சரியாக எடை குறையணும்... எங்கே ஆரம்பிப்பது, சொல்லுங்கள்?

மெஷினில் ஏறினாள். போன தடவையைவிட அதிகம்!

“சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னேனேம்மா?”

“ராத்திரி சோத்த தொட்டே மாசக்கணக்காவுது டாக்டர். இவர வேணா கேளுங்க.”

நானும் தலையாட்டினேன். உண்மைதானே!

“அப்ப ராத்திரி என்ன சாப்பிடறீங்க?”

“சாப்பாடே கெடையாது. டிபன்தான்.”

“டிபன்னா?”

“இன்னா... அஞ்சாறு இட்லி. இல்லாங்காட்டி தோச. செவ்வாக்கெழம வெரதம் வேற. அன்னிக்கி உப்புமாவோட சரி.”

டாக்டர் பேனாவை மூடினார். “இட்லியும் அரிசிதாம்மா!”

“அரிசி இல்ல டாக்டர்... மாவு.”

சிரிக்காதீர்கள். நம் எல்லோர் வீட்டிலும் இதே கணக்குதான். சோறு இறங்கினால்தான் சாப்பாடு. மற்றதெல்லாம் வயிற்றுக்குள் போனாலும் போகாத மாதிரி!

எடை குறைக்க ஊசி இருக்கிறதாம். நிறுத்தினால் எடை திரும்பலாமாம். விலையோ நமக்கு எட்டாது. வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷனும் உண்டாம். “கால் வலின்னு வந்தா வயித்த வெட்றேன்றாரே!” என்று சரசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மிச்சம்? நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் பயிற்சி. தட்டில் பாதி காய்கறி, கொஞ்சம் பருப்பு, முட்டை. “டிபனையும் சாப்பாடுன்னு நெனைங்க” என்றார் டாக்டர்.

ரயிலில் திரும்பலாம் என்றால் ரயில்வே பாலத்துப் படி அவளால் ஏற முடியாது. எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஷேர் ஆட்டோதான்.

“யக்கா, நீ ஒக்காந்தா எனக்கு ரெண்டு சவாரி போச்சே!” என்றான் டிரைவர்.

வழக்கமாக இப்படிப் பேசுகிறவனுக்கு நறுக்கென்று பதில் கொடுப்பாள். அன்றைக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பசங்களா, குண்டு என்று யாரையும் கூப்பிடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை.

சாயங்காலம் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மனசே செரியில்ல. எனக்கு சோறு வாணாம்யா...” என்றாள். “ரெண்டு தோச ஊத்திக்கறேன்.”

நான் தேங்காய் உடைத்துச் சட்னி அரைத்தேன்.