பொத்தான் மேல் பிளாஸ்திரி

வெந்நீர் ஃபிளாஸ்க்கை இடது அக்குளில் இடுக்கியபடியே, சுல்மா டீச்சர் ஒவ்வொரு மடிக்கணினியாகப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போகிறார். எழுத்தை அழிக்கும் பொத்தான் மேல் மட்டும். உருகுவேயின் சால்தோ ஊரோரப் பள்ளியில், நான்காம் வகுப்பின் இருபத்தொரு கணினிகளுக்கும் அறிவியல் நேரத்தில் இதே வைத்தியம்தான்.

"நோட்டுல தப்பு வந்தா குறுக்கே கோடு இழுங்க. அழிச்சுட்டு நல்ல பிள்ளை வேஷம் போடாதீங்க!"

பிள்ளைகள் தினமும் காலையில் தம்ளரில் இட்ட பீன்ஸ் விதையைப் படம் பிடித்து, டிஜிட்டல் நோட்டில் ஏற்றி, கண்டதைக் கீழே எழுத வேண்டும். டீச்சருக்கும் ஒரு நோட்டு உண்டு, புரொஜெக்டர் வழியே சுவரில் தெரியும்படி. அதில் முதல் நாளே கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்: 'மாத்தே குடித்து மிஞ்சிய சக்கையில் போட்ட விதைதான் முதலில் முளைக்கும்.' அந்த ஊரில் நாள் முழுக்க வெந்நீர் ஊற்றி உறிஞ்சும் மாத்தே இலை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. தலைவலிக்கும் அதுதான், ரோஜாச் செடிக்கும் அதுதான்.

ஒன்பதாம் நாள். ஈரப் பஞ்சில் இட்டவை இரண்டு இலை விட்டு நிற்கின்றன. சக்கையில் இட்டது அழுகி, பச்சைப் பூஞ்சணம் பூத்து, நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. அதுவும் வகுப்பைச் சோதிக்க மேற்பார்வையாளர் வரும் நாளில். அந்த அம்மாள் போடும் மதிப்பெண்ணை வைத்துத்தான் அடுத்த வருடம் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியா, இல்லை இப்படியே இரண்டு பஸ் மாறி வருவதா என்பது முடிவாகும். ஆறு வருடமாக அந்த இரண்டாவது பஸ்ஸைச் சபித்துக்கொண்டிருக்கிறார் சுல்மா.

ஜன்னலோரத்து இயாரா எட்டிப் பார்த்தாள். "டீச்சர், அவங்க கேட் கிட்ட வந்துட்டாங்க. உங்க நோட்டு சுவத்துல பெருசா தெரியுமே!"

"தெரியும்டி, தெரியும்."

"உங்க பொத்தான்ல பிளாஸ்திரி இல்லையே. சட்டுனு அழிச்சிடுங்க. நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

"ஆமா டீச்சர், சத்தியமா!" என்றது வகுப்பு முழுவதும்.

சுல்மாவுக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. விரல் அந்தப் பொத்தான் வரை போய்விட்டது. நடைவழியில் குதிகால் செருப்பின் சத்தம் நெருங்கியது.

"முதல் நாளே வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

பிறகு ஃபிளாஸ்க்கை மேசை மேல் வைத்தார். வெள்ளை அங்கியின் பைக்குள் மிஞ்சியிருந்த கடைசிப் பிளாஸ்திரியை எடுத்து, காகிதத்தைப் பல்லால் உரித்து, தன் கணினியின் பொத்தான் மேல் அழுத்தி ஒட்டினார்.