புளி போட்டு விளக்கிய அச்சு

மகள் சைக்கிளில் வருவது எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கிற வீடுகளுக்கெல்லாம் முன்கூட்டித் தெரியும். பெடலை ஒரு சுற்று மிதித்தால் அடியில் இருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கீழ் டிவிசன் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு முன்னே இவள் போய்க் கதவைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அவள் வளைவைத் தாண்டும் வரை அந்த 'டக் டக்'கைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். கேட்கிற வரைக்கும் பிள்ளை நன்றாகப் போகிறாள் என்று ஒரு தைரியம்.

பிறகு சத்தம் பெருத்தது. பெடல் பல் ஆடுகிற மாதிரி ஆட ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் வளைவில் இறங்கும்போது கால் வழுக்கிச் சைக்கிளோடு சாய்ந்துவிட்டாள். ரோட்டு ஓரத்தில் வெள்ளையடித்த கல் ஒன்று இருக்கிறது, அதில் போய் மோதி நின்றிருக்கிறாள். அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் செங்குத்தான தேயிலை, அதற்கும் கீழே ஆறு.

முழங்கால் வீங்கி, நொண்டி நொண்டி வந்தவள் சிரித்தாள்.

"கல்லு இருந்துச்சும்மா, தப்பிச்சேன்."

கல் இல்லாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு வாய் சோறும் எனக்கு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கிறவர், நான் தம்பி என்று கூப்பிடுகிறவர், தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் வீட்டு முன்னால் இருக்கிற இஸ்தோப்பில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கழற்றினார். இரண்டு பெடல் தண்டையும் சேர்த்துச் சைக்கிளின் அடிவயிற்றுக்குள் ஓர் இரும்பு அச்சு ஓடுகிறது. அது சுற்றுவதற்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். அந்த அச்சுதான் தேய்ந்து போயிருந்தது. கடையில் 'பீபீ அச்சு' என்று கேட்க வேண்டுமாம்.

"பெரியம்மா, இது ஜப்பான்ல ஓடி முடிஞ்சு இங்க வந்த சைக்கிளு. அச்சு எல்லாம் பார்வைக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும். ஆனா அளவு வேற வேற. மாத்தி வாங்கிட்டா திரும்பவும் ஆடும், இல்லாட்டி சங்கிலி கழண்டுக்கும்."

"கழண்டா?"

"கழண்டா கால் வழுக்கும். அன்னைக்கு வழுக்கினாப்புலதான்." கழற்றியதை எல்லாம் கிரீஸோடு ஒரு பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "இத அப்படியே கொண்டுபோய் காட்டுங்க. இதே மாதிரி குடுன்னு கேளுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்."

அவருக்கு வேலை முறை மாறாததால் கடைக்குப் போக முடியாது. மகளுக்கு லீவு கிடையாது. மருமகன் கொழும்பில். சைக்கிள் இல்லாமல் அவள் அந்த முழங்காலோடு குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பாதையில் தேயிலை காடாகிக் கிடக்கிறது, நாயைச் சிறுத்தை தூக்கிப்போன இடம். ஆகவே அட்டன் டவுன் கடைக்கு நான்தான் போக வேண்டும் என்று ஆனது. எனக்குக் கடையில் வாய் திறந்து கேட்க வராது. ரிப்பன் வேண்டுமென்றாலும் பக்கத்தில் நிற்பவளை விட்டுத்தான் கேட்கச் சொல்வேன்.

போகிற அன்று காலையில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். கறுத்த கிரீஸ், மண், நாற்றம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பஜாரில் ஒரு கடைக்காரர், "தோட்டத்து ஆளுக கண்ணாடியில கைய வைக்காதீங்க, கறையாயிரும்" என்று எங்கள் அம்மாவைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு பஜாருக்குப் போவதென்றால் நகத்து அழுக்கைக்கூட எடுத்துவிட்டுத்தான் போவேன். இந்த அழுக்கை எப்படிக் கடை மேசைக் கண்ணாடி மேல் வைப்பது? தண்ணீர் விழுகிற பீலிக்குக் கொண்டுபோய், சாம்பலும் புளியும் தேங்காய்த் தும்பும் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தேன். கிரீஸில் ஒட்டியிருந்த குண்டுகள் தண்ணீரோடு சாக்கடைக் கானுக்குள் உருண்டு போனதைப் பிறகுதான் பார்த்தேன். அச்சு மட்டும் வெள்ளி போலக் கையில் இருந்தது.

அப்படியே கொண்டுபோகச் சொன்னாரே என்பது அப்போதுதான் உறைத்தது. பஸ் ஏறிய பிறகு வேறொரு பயம் வந்தது. தேய்த்த தேய்ப்பில் அளவே குறைந்திருக்குமோ?

கடையில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒதுங்கி ஒதுங்கி நின்று, எனக்குப் பின்னால் வந்தவர்கள்கூட வாங்கிப் போன பிறகு முதலாளியே கூப்பிட்டார்.

"என்னம்மா வேணும்?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து அச்சைக் கண்ணாடி மேல் வைத்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன, கார்த்திகைக்கு ஏத்துற குத்துவெளக்கா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"அழுக்கா இருந்துச்சுங்க. வெளக்கிட்டேன். அளவு கொறைஞ்சிருக்குமாங்க?"

"புளிக்கு இரும்பு கரையுமாம்மா? அளவு அப்படியேதான் இருக்கு. ஆனா கிரீஸோட வந்திருந்தா குண்டு ஓடின தடம் பளிச்சுனு தெரிஞ்சிருக்கும்."

ஒரு பெட்டியைத் திறந்து புது அச்சு ஒன்றை எடுத்தார். பழையதோடு சேர்த்து நிறுத்தினார். இரண்டு நுனியும் சரியாக நின்றன. "இந்தா, இதுதான்" என்று சுற்றிக் கொடுக்கத் தாளைக் கிழிக்கப் போனார்.

கையில் வாங்கிப் பார்த்தேன். அச்சில் இரண்டு இடத்தில் வளையம் போட்ட மாதிரி மேடு இருக்கும், குண்டுகள் உட்காருகிற இடம். காலையில் விளக்கும்போது என் மூன்று விரல் அந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இதில் விரல் வைத்தால் இடம் மிச்சம் இருந்தது. மறுபடி வைத்துப் பார்த்தேன். மிச்சம்தான்.

பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். எனக்குப் பின்னால் ஓர் ஆள், "சுருக்கா பாருங்க ஆச்சி, பஸ்ஸு போயிரும்" என்றார். அந்த வெள்ளைக் கல் கண்ணில் வந்து நின்றது.

"இது இல்லைங்க, மொதலாளி."

"நுனிக்கு நுனி சரியாத்தானே இருக்கு?"

"நடுவுல வெரல் ஆடுதுங்க."

அவர் இரண்டையும் வாங்கி மேட்டோடு மேடு வைத்தார். ஒன்று சேர்ந்தால் மற்றது விலகியது.

"கொஞ்சம்தாம்மா. இறுக்கிப் போட்டா ஓடும்."

"கொஞ்சம்னு சொல்லாதீங்க! எறக்கத்துல போற புள்ளைங்க அது!"

என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான் கண்ணாடி என்று தெரிந்தது, கையை எடுக்கவும் முடியவில்லை.

முதலாளி ஏணியில் ஏறினார். மேல் தட்டில் தூசி பிடித்த பெட்டி ஒன்றை இறக்கி, அதற்குள் இருந்ததை என் பக்கமாகத் தள்ளினார்.

"நீங்களே வெரல வச்சுப் பாருங்க."

நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது. நுனியும் சரி, மேடும் சரி. குண்டுகள் கானுக்குள் போன கதையையும் மெதுவாகச் சொன்னேன். சிரிக்காமல் ஒரு பிடி குண்டு பொட்டலம் கட்டித் தந்தார். "இதையும் புளி போட்டுத் தேச்சிராதீங்க" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் வட்டவளை வரும் வரை பொட்டலத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன். சரியானதுதானா? விரலை நம்பலாமா? மூட்டு வீங்கின கிழட்டு விரல்.

ஃபிட்டர் தம்பி மாட்டி முடித்துப் பெடலைக் கையால் சுழற்றிவிட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"சரியா இருக்கா தம்பி?"

"இங்க சரியாத்தான் சுத்துது பெரியம்மா. எறக்கத்துல ஓடினாத்தான் தெரியும்."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவர்.

மறுநாள் மகள் கிளம்பினாள். "ஏம்மா, என்னய சுடுகாட்டுக்கா அனுப்புற? மூஞ்சிய அப்படி வச்சிருக்க!" என்று திட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். நல்ல பனிமூட்டம். பத்து முழத்துக்கு அப்பால் ரோடே தெரியவில்லை. அவள் முதுகு மங்கி, மறைந்தும் போனது.

காதைக் கொடுத்து நின்றேன். 'டக்' இல்லை. பழுது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அவள் எங்கே போகிறாள், வளைவுக்கு வந்துவிட்டாளா, கல்லைத் தாண்டினாளா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் அந்தச் சத்தம் அவள் இருக்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது பீலித் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான்.

வெகு நேரம் போன மாதிரி இருந்தது. பிறகு கல்லைத் தாண்டிய ரோட்டிலிருந்து, கீழேயிருந்து, சைக்கிள் மணி கேட்டது. விட்டு விட்டு, எனக்காகவே அடிக்கிற மாதிரி.

இப்போதும் ஒவ்வொரு நாளும் அந்த இடம் வந்ததும் அடிக்கிறாள். அது கேட்கும் வரைக்கும் நான் வாசலை விட்டு உள்ளே போவதில்லை.