பாம்புக்காதின் நாலாவது ஆம்ப்ளிஃபையர்

அச்சகத்தில் முப்பது வருஷமாக அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் கிடையாது. பாம்புக்காது என்றால்தான் தெரியும். மெஷின் தடதடவென்று ஓடும்போதே எட்ட நின்று, "மூணாவது உருளையில பேரிங் போகப்போகுது" என்பார். மேனேஜர் சிரிப்பார். மறுநாள் பேரிங் போயிருக்கும். அப்புறம் மனுஷரைக் கையில் பிடிக்க முடியுமா? தெரிந்தவர்கள் யார் பாட்டுப் பெட்டி வாங்கினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள்.

அப்படிப்பட்டவருக்கு, ஓய்வு பெற்ற வருஷம் ஒரு சோதனை வந்தது. உயிருக்கு உயிரான ஒரு இசைத்தட்டு வைத்திருந்தார். அதில் சரணம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன மணி, 'ணிங்' என்று ஒரே ஒரு தடவை அடிக்கும். அந்த மணியைக் காணோம்.

பழியெல்லாம் ஆம்ப்ளிஃபையர் மேல் விழுந்தது. இருந்ததோ நல்ல கனமான டிரான்சிஸ்டர் பெட்டி, பதினைந்து வருஷம் வாயைத் திறந்து ஒரு குறை சொல்லாதது. "இது ஆபீஸ் குமாஸ்தா மாதிரி. கணக்கா வாசிக்குது, உயிர் இல்ல" என்று சொல்லி, பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு வைத்த ஒன்றை வாங்கி வந்தார். அது சூடேறவே கால் மணி நேரம் ஆகும். பாடுகிறவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி குரல் குழைந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மணி வரவில்லை. அறைதான் அடுப்படி மாதிரி கொதித்தது. மனைவி அதன் பக்கத்தில் கைக்குட்டைகளைக் காயப்போட ஆரம்பித்தாள்.

மூன்றாவதாக வந்தது உள்ளங்கை அகல டிஜிட்டல் பெட்டி. அதைப் பார்த்ததுமே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தீப்பெட்டி! சுடாத ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஆம்ப்ளிஃபையரா? உள்ள விநாடிக்கு லட்சம் தடவை அணைஞ்சு அணைஞ்சு எரியுதாம். அதுக்குப் பேரு பாட்டா?" என்றார். பிறகு எதற்குத்தான் வாங்கினாரோ!

"மூணுல ஒண்ணுதான் இந்த வீட்டுல இருக்கும். எதுன்னு இன்னிக்கே முடிவு பண்ணுங்க" என்றாள் மனைவி. எலக்ட்ரீஷியனான தம்பியையும் வரவழைத்துவிட்டாள்.

மச்சான் சமத்து. மூன்று பெட்டியையும் துணி போட்டு மூடினான். சத்தம் கூடினால் அதுதான் நன்றாக இருக்கிற மாதிரி தோன்றும் என்று, மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான். மாமாவின் கண்ணைக் கட்டினான். ஒரே பாட்டு மூன்று தடவை ஓடியது. பாம்புக்காது தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"முதல்ல வந்தது வால்வு. என்ன ஒரு குழைவு!"

"அது தீப்பெட்டி, மாமா."

"சரி, அதை விடு" என்று கண்கட்டைப் பிடுங்கி எறிந்தார். "நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. மூணுலயும் அந்த மணி வரலையே, ஏன்? மூணும் தண்டம்!"

மனைவி அவரையே பார்த்தாள். "ஏங்க, மூணுலயும்தான் மணி அடிச்சுது."

அவர் மச்சானைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கேட்டுச்சு மாமா" என்றான்.

எல்லார் பெட்டிக்கும் தீர்ப்பு சொன்ன காது! இனி எந்த முகத்தோடு அச்சகத்துப் பக்கம் போவது? முப்பது வருஷம் மெஷின் சத்தத்திலேயே நின்று நின்று அந்தக் காதே தேய்ந்துபோயிருந்தது. மனைவியும் அன்று அவரைச் சீண்டவில்லை, பாவம்.

ஒரு வாரம் முரண்டு பிடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனார். பரிசோதித்த பெண் காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவியை மாட்டினாள். அங்கேயும் வாய் சும்மா இருக்குமா?

"இதுக்குள்ளயும் ஆம்ப்ளிஃபையர் உண்டுல்ல? எந்த வகைம்மா? வால்வு கிடைக்காதா?"

"வால்வு வெச்சா காது வெந்துடும், சார். இது டிஜிட்டல். அணைஞ்சு அணைஞ்சு எரியும், சூடே ஆகாது."

பாம்புக்காது கருவியைத் தடவிப் பார்த்துக்கொண்டே எழுந்தார். வாசல் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்த மனைவி, தெருவில் இறங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இசைத்தட்டைப் போட்டார். சரணம் முடிந்தது. ணிங்! அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்தார்.

ஏழாவது தடவை மணி அடித்தபோது, சமையலறையில் மனைவி வாய்க்குள் முணுமுணுத்தாள். "மணி கேட்டாச்சு. இனி அந்தக் குமாஸ்தாவையும் கொதிகலனையும் எந்த மகராசன் தூக்கிட்டுப் போவானோ..."

"நாளைக்கே உன் தம்பிகிட்ட குடுத்துடறேன்" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. "தீப்பெட்டி மட்டும் இருக்கட்டும்."

கரண்டி கீழே விழுந்த சத்தமும் அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே திட்டி நிம்மதியாக இருந்தவள், அன்றிலிருந்து மாடிக்குப் போய்த்தான் திட்டுகிறாள்.