மாட்டுக்குத் தமிழ்தான் தெரியும்

இன்சீனைத் தாண்டி வடக்கே எங்கள் வீடு. விலாசம் யாங்கோன், அதாவது ரங்கூன் என்றுதான் இருக்கிறது. சுற்றிலும் வயல். நான்கு மாடு, கொஞ்சம் புளிச்சக்கீரை. பால் இன்சீன் டீக்கடைகளுக்குப் போகும்.

மழை விடுகிற நேரம்தான் எங்களுக்குக் கஷ்டம். போன வருட வைக்கோல் அடிப்பக்கம் வந்துவிடும். கறுத்து, பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். புது நெல் அப்போதுதான் கதிர் விட்டிருக்கும். புல் உண்டு. தண்ணீருக்குள் நின்று அறுக்க வேண்டும். அட்டை ஏறும். காலையில் பனி, மத்தியானம் சுடும் வெயில், சாயங்காலம் ஒரு மழை. விறகு காயாது, வறட்டியும் காயாது.

வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, மருமகள். மகன் மலேசியாவில். பட்டாளத்துக்குப் பிடித்துப் போகிறார்கள், வயசுப் பையன்கள் இங்கே இருக்க முடியாத காலம் என்று கிளம்பிப் போனான். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் போனான்.

மருமகள் பர்மாக்காரப் பெண். மாவ்பின் பக்கத்து ஊர். தமிழ் தெரியாமல் வந்தாள். என் மனைவிதான் சொல்லிக் கொடுத்தாள். மருமகள் என்னை மாமா என்பாள், மனைவியை அத்தை என்பாள். மற்றபடி அவள் கற்ற தமிழ் மாட்டுத் தமிழ்தான். நில்லு, தள்ளு, காலை எடு, வா. எங்கள் மாட்டுக்குத் தமிழ்தான் தெரியும், கொட்டகைக்குள் பர்மா பேசாதே என்று மனைவி அவளிடம் சொல்லி வைத்திருந்தாள். அதற்கு அவள் சிரித்துவிட்டு, அப்போ நானும் மாடும் ஒரே வகுப்பு என்றாளாம்.

புரட்டாசிக் கடைசியில் செவலைப் பசு தீனி எடுக்கவில்லை. பூஞ்சண வைக்கோல் வயிற்றில் தங்கிவிட்டது. அசை போடவில்லை. இஞ்சியும் வெல்லமும் இடித்துக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினேன். வயிற்று உப்பல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் தின்னவில்லை. மருமகள் நுனிப்புல்லாகப் பொறுக்கிக் கொண்டுவந்து, வாயருகில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் கையில் மட்டும் இரண்டு வாய் கடித்தது.

அன்று பொழுது சாயும் நேரம். கரண்ட் இல்லை. மனைவி கொசுவுக்குப் புகைச் சட்டியோடு கொட்டகைக்குள் போனாள், பின்னால் நான். மருமகள் மாட்டின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "சா... சா..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பர்மாவில் அதற்குச் சாப்பிடு என்று அர்த்தம். என் மனைவிக்கு அது தெரியாததில்லை. பர்மா என்னைவிட அவளுக்கு நன்றாக வரும். சந்தையில் பேரம் பேசுவது அவள்தான். ஆனால் கொட்டகைக்குள் அவள் காது தமிழ்க் காது. புகைச் சட்டியை அங்கேயே போட்டாள்.

"பால் குடுக்கற மாட்டப் பாத்து சான்னு சொல்றியே, ஒன் வாய் வெளங்குமா?"

மருமகளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குப் பர்மாவில் விளக்கினேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று. அவள் சிரித்துவிட்டாள். யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புத்தான் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"சிரிக்கறாளே. நீ வந்த பெறகுதானே எம்புள்ள ஊர விட்டுப் போனான்."

இதை நான் பர்மாவில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அந்த அளவு தமிழ் வந்திருந்தது. கையிலிருந்த புல்லைத் தொட்டியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ராத்திரி சோற்றுக்கு முன்னால் மனைவிக்கே விளங்கிவிட்டது. "தீனி தின்னத்தான் சொல்லிருக்கா" என்று என்னிடம் சொன்னாள். போய் அவளிடம் சொல்லு என்றேன். போகவில்லை.

அதன்பிறகு வேலை எல்லாம் நடந்தது. மருமகள் தண்ணீர் எடுத்தாள், கீரை பறித்துக் கட்டினாள், பாத்திரம் கழுவினாள். கொட்டகைக்கு மட்டும் வரவில்லை. மகனோடு போனில் பேசும்போது வாசலுக்குப் போய்விடுவாள். பசு இன்னும் மெலிந்தது. ஒரு நாள் துணி மூட்டை கட்டியிருந்தாள். தடின்ஜுட் பௌர்ணமிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். மனைவிக்கும் அதே பயம்தான். ராத்திரியில் புரண்டுகொண்டே இருந்தாள்.

அந்தப் பௌர்ணமிக்குச் சின்னவர்கள் பெரியவர்களைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பது பர்மாக்காரர் வழக்கம். உடம்பால், வாயால், மனதால் செய்த தப்புக்கு. கிளம்புகிற காலையில் அவள் வாழைப்பழச் சீப்பும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். முட்டிபோட்டு நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். வாயால் செய்த தப்புக்கு என்று அவள் சொன்னபோது என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்க அந்த வழக்கத்தில் இடம் இல்லை. எங்கள் வழக்கத்திலும் இல்லை. "நல்லாரு" என்றாள் மனைவி. அவ்வளவுதான் வந்தது. மருமகள் மூட்டையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். வழியில் சாப்பிட மனைவி கட்டிவைத்த சோறு அடுப்படியிலேயே இருந்தது.

பிறகு புல் அறுப்பது, மாட்டுக்கு ஊட்டுவது எல்லாம் மனைவிதான். இடுப்பு வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பசு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. போன் அடித்தால் ஓடிப்போய்ப் பார்ப்பாள்.

வயல் மஞ்சள் ஆகத் தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம் மருமகள் வந்தாள். காலைக் கழுவினாள். கொல்லையில் காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள். பிறகு கொட்டகை வாசலில் நின்று, மாடு அசை போடுகிறதா என்று பர்மாவில் கேட்டாள். கேட்கும்போது மனைவியை "அமே" என்று கூப்பிட்டாள்.

பர்மாவில் அமே என்றால் அம்மா. கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அத்தையைவிட அம்மா பெரிதுதான். ஆனால் அதற்கப்புறம் அவள் வாயில் தமிழ் வரவில்லை. எங்களோடும் இல்லை, மாட்டோடும் இல்லை.

மனைவி என்னை ஒரு தரம் பார்த்தாள். போடுகிறது, இப்போது பரவாயில்லை என்று அவளும் பர்மாவிலேயே பதில் சொன்னாள். அரிவாள் இரண்டையும் எடுத்தாள். ஒன்றை அவளிடம் நீட்டினாள். வெயில் இறங்குவதற்குள் புல்லுக்குப் போனார்கள். முன்னும் பின்னுமாக.