கங்காணி அலறிய இருட்டுக் கொட்டகை

நான் கட்டியவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். பிரிக்பீல்ட்ஸில் மூன்று தடவை மழையில் சரிந்தும் விடாமல் எழுப்பிய மாட்டுக் கொட்டில். பண்டமாரானில், ஆணி வாங்க வக்கில்லாமல், பழைய பலகைகளில் பிடுங்கிய ஆணிகளை நிமிர்த்தி அடித்த வீடு. கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஒரு மாதம் தாங்காது என்றவர்களே பிறகு அங்கே இடம் பிடிக்க முண்டியடித்தார்கள். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி.

இவை எல்லாவற்றையும்விடக் கோயில் திருவிழாவில் சனத்துக்குப் பயங்காட்ட நான் போட்ட இருட்டுக் கொட்டகைதான் பெரிது. இப்போது கோயில் வரலாறு எழுதுகிறவர்கள், அதைக் காப்பார் ரப்பர் தோட்டத்துக் கங்காணி போட்டதாக எழுதப்போகிறார்களாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வருஷம் தகரத்தை அடைத்து இருட்டாக்கி, உள்ளே கூண்டில் நிஜ மலைப்பாம்பு வைத்தேன். போனவர்கள் பின்பக்கத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

"சாமி கும்பிட வர்ற சனத்த ஏன்யா தொரத்துற? அடுத்த வருஷமும் இப்படின்னா ஒனக்கு இங்க எடமே கெடயாது" என்றார் கோயில் தலைவர்.

யோசித்தேன். உயிருக்குப் பயந்தவன் சிரிக்க மாட்டான். ஒன்றும் ஆகாது என்று மனசுக்குத் தெரிய வேண்டும், தோலுக்குத் தெரியக் கூடாது. இதை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மறு வருஷம், உலர்த்தும் புகைக் கூடத்துக்கு இன்னும் போகாத ஈர ரப்பர் ஷீட்டுகளைத் தோட்டத்தில் கேட்டு வாங்கி, முகம் உரசும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். அவ்வளவுதான். நடுப்பகலில் வாசலில் நின்று கூவினேன்: "உள்ள பேயும் இல்ல, பாம்பும் இல்ல! வெறும் ரப்பர் ஷீட்டுதான்! தைரியம் இருந்தா வாங்க!" உண்மையைச் சொல்லியே பயமுறுத்தியவன் நான்.

காப்பார் தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்கும் பால்மரத் தொழிலாளர்கள் வந்தார்கள். கூடவே அவர்களை வேலை வாங்கும் கங்காணியும் வந்தார். அவர் கனைத்தால் மொத்தத் தோட்டமும் நடுங்கும். அவர் முன்னால் கத்த யாருக்குத் துணிச்சல்? எல்லாரும் தயங்கி நின்றார்கள். ஒரு பெண்மட்டும் வாயைத் திறந்தாள்.

"கங்காணி ஐயா மொதல்ல போகட்டும். தெனம் ஷீட்ட நிறுக்கிறவரு அவருதானே!"

"ஷீட்டுக்கு நான் பயப்படுவனா?" மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நாலு எட்டுகூட வைத்திருக்க மாட்டார். "ஐயோ, ஆத்தா!" தகரம் அதிர்ந்தது.

முகமெல்லாம் ஈரமாக வெளியே வந்தார். அவர் கோபப்பட்டால் கொட்டகையும் போச்சு, நானும் போனேன் என்று நின்றேன். தம் ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவரே வெடித்துச் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

"இன்னொரு தடவ போறேன்லா" என்றார். மூன்று தடவை போனார். மூன்று தடவையும் அலறினார்.

"ரப்பர்னு தெரியுமே, கங்காணியாரே?" என்று கேட்டேன்.

"தெரியும்யா. நாளெல்லாம் நான்தான் எல்லாரையும் மெரட்டணும். இங்க வந்தாத்தான் நானும் கத்த முடியுது."

அப்புறம் வரிசை கோயில் குளத்தைச் சுற்றியது. அதில் தலைவரும் நின்றார். கொட்டகைக்கு இடம் நிரந்தரமானது. சந்தோஷத்தில் கங்காணி புதுத் தகரம் கொடுத்தார், கொட்டகை வாசல் பலகையில் அவர் பேர் ஏறியது.

தகரம் அவருடையது, ஒப்புக்கொள்கிறேன். அலறலும் அவருடையதே. யோசனையும் கயிறு கட்டிய உயரமும் என்னுடையவை. வரலாற்றில் என் பேரைப் போடுங்கள். அடிக்குறிப்பில் வேண்டாம், முதல் வரியிலேயே போடுங்கள்.